பாஸ்போர்ட் எண் கேட்கும் கட்டம்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவளுக்குப் பேனா கூட அப்புறம்தான், முதலில் பொறுமை வேண்டும். ஆன்லைன் படிவத்திடம் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கியவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

கைப்பழக்கம்

தரணி தன் அப்பாவோடு செம்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த பெண். பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர விண்ணப்பிக்க வந்திருந்தாள். பிறந்தது திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரி என்றதும், ஆன்லைன் படிவத்தில் நாடு கேட்ட கட்டத்தில் கைப்பழக்கத்தில் ‘இந்தியர்’ என்று தட்டிவிட்டேன். பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால் இங்கே பிறந்தாலும் குடியுரிமை கிடையாது என்பது சட்டம். அதை எனக்கு அவள்தான் ஞாபகப்படுத்தினாள். வெட்கமாகப் போய்விட்டது.

“அழிச்சிருங்கக்கா. நான் பொய் எழுதிச் சேந்தா, நாளைக்கு முகாம் பிள்ளைக எல்லாத்தையும் சந்தேகமா பாப்பாங்க.”

சிவப்பு எழுத்து

‘மற்றவர்’ என்று மாற்றினேன். உடனே பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டது. எண் இல்லாமல் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்று அடம். முகாம் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி நாள் திங்கட்கிழமை. எரிச்சலில் அவள் அப்பாவிடம், “ஒரு பழைய பாஸ்போர்ட் கூடவா வீட்டில் இல்லை?” என்று கேட்டுவிட்டேன். ஏழு வயதில் ராமேஸ்வரத்தில் கரையேறிய மனிதர் கோபப்படவே இல்லை.

“ஷெல்லடிக்குத் தப்பித் தோணியில ஏறேக்க, ஆர் தங்கச்சி எங்களட்டப் பாஸ்போர்ட் கேட்டவை?”

முதல் ஆள்

முகாம் அட்டையையே ஏற்றுக்கொள்ளச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதினோம். திங்கட்கிழமை மனு வாங்கும் நாள்தான். ஆனால் பாருங்கள், முகாமில் மாதாமாதம் ஆள் கணக்கு எடுப்பதும் அன்றைக்கே. அதிகாரி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். வரிசையில் இல்லாவிட்டால் பட்டியலில் பெயருக்கே ஆபத்து. நான் வாசலில் தவித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள் தரணி. முகாமே ஒதுங்கி அவளை வரிசையில் முதலாக நிற்க வைத்து அனுப்பியிருக்கிறது.

வந்தவள் நான் எழுதிய மனுவின் கீழே முகாமின் இன்னும் எட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சேர்த்து, அட்டை நகல்களையும் இணைத்துவிட்டாள். எல்லாம் பத்தாவது, பதினொன்றாவது படிப்பவர்கள். நான் தடுக்கப் பார்த்தேன். ஒருத்திக்கே கிடைக்குமோ கிடைக்காதோ! மனு வாங்கிய அதிகாரி, “படிக்கப் போறது நீ ஒருத்திதானம்மா, இவங்கெல்லாம் யாரு?” என்றார். அவள் பதிலைக் கேட்டுச் சிரித்தவர், அங்கேயே கல்லூரிக்குப் போன் போட்டார். அட்டையோடு காகித விண்ணப்பமாகவே வாங்கிக்கொண்டார்கள். தரணிக்கு இடம் கிடைத்துவிட்டது. மற்ற எட்டுப் பேருக்கான கோரிக்கை மேலிடத்துக்குப் போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மனுதாரரை நான் பார்த்ததில்லை. அவள் சொன்னது இதுதான்:

“எனக்குப் பின்னாடி வாரவங்க சார். ஒவ்வொருத்தரா வந்து நின்னா உங்களுக்குத்தான சிரமம்?”

பிறந்த நாளிலிருந்து அவள் இங்கேதான் இருக்கிறாளா என்று மாதம் தவறாமல் முகம் பார்த்து எண்ணிக்கொள்கிறவர்கள்தான், நீ எந்த நாடு என்று அவளிடமே கேட்கிறார்கள்.