வெல்டு வைத்த டிஃபரன்ஷியல்

பாலாற்று மணலில் ஒரு பின்சக்கரம் மட்டும் வெறிபிடித்தாற்போல் சுற்ற, மற்றது அசையாமல் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருந்த முதலாளி, ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை உயிராக வைத்திருந்தார். தொழிற்சாலை அக்கரையில். வறண்ட ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் கார் மாட்டிக்கொள்ளும். தொழிலாளிகள் வந்து தள்ளுவார்கள். அது அவருக்கு அவமானமாக இருந்தது.

நான் அப்போது வேலூரில் மெக்கானிக். ஆற்றுக்கே என்னை அழைத்துப் போய்க் காட்டினார். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும்; அதற்காக இரண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடுவது டிஃபரன்ஷியல். மணலில் அதுவே வினையாகி, பிடிப்பில்லாத சக்கரம் வீணாகச் சுழலும். அந்தச் சுழற்சியை ஓர் அளவோடு நிறுத்தும் புதுவகை டிஃபரன்ஷியல் சீமையில் கிடைத்தது. இறக்குமதி லைசென்ஸ் வாங்கி வரவழைக்க ஆறு மாதமாகும். இல்லையென்றால் உள்ளேயிருக்கும் பற்சக்கரங்களை வெல்டு வைத்துப் பூட்டிவிடலாம்; பிறகு இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். இரண்டையும் சொன்னேன்.

"ஆறு மாசம் யாரு காத்துனு இருப்பா? வெல்டே வெச்சுடு."

"திருப்பத்துல ஒடிச்சாலும் வண்டி திரும்பாது முதலாளி. மழையில நேரா இழுத்துனு போய்டும்."

"ஓட்டறது நானா, நீயா?"

மறுத்திருக்கலாம். ஆனால் அந்தக் காரைத் தொடும் பெருமை இன்னொரு மெக்கானிக்குக் கிடைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வெல்டு வைத்தேன்.

கார் ஆற்றை ஒரே மூச்சில் கடந்தது. மூன்றாவது வாரம், முதல் மழையில், ஆலங்காயம் சாலைத் திருப்பத்தில் புளியமரத்தில் மோதி அவர் இறந்துபோனார். காரை இழுத்துவர என்னைத்தான் கூப்பிட்டார்கள். முன்சக்கரங்கள் முழுதாகத் திரும்பியிருந்தன. கார் மட்டும் திரும்பவில்லை. போலீஸ் அதிவேகம் என்று எழுதிக்கொண்டு போனது.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்த பிறகு அவருடைய மனைவி தன் தம்பியோடு ஒர்க்ஷாப்புக்கு வந்தார்.

"அவரு ஜாஸ்தி வேகம் போகமாட்டாரு. நீங்கதானே ரிப்பேர் பார்த்தீங்க, வண்டியில இன்னா கோளாறு?"

"ஒண்ணும் இல்லம்மா. வண்டி நல்லாத்தான் இருந்துது."

"அப்போ தப்பு அவரு மேலதானா?"

தலையாட்டினேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜட்காவில் ஏறினார். அதன் பிறகு வெகுகாலம் உயிரோடிருந்தார்; கணவர் தன் அவசரத்தாலேயே செத்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தாராம். ஆம்பூர் ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான் ஒரு முறையும் போகவில்லை.