வெளியே வைக்கச் சொன்ன கூடை

அப்போது ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை. நோயாளியின் ஸ்கேன் படங்களை வைத்து அவருடைய மூட்டைக் கணினியில் அப்படியே உருவாக்கி, நடக்கும்போது எலும்பில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

மீன் விற்கும் அம்மா ஒருவர் முட்டிவலியோடு வந்தார். ஏசி அறையில் கவுச்சி வாடை தாங்காமல், கூடையை வெளியே வைக்கச் சொல்லிவிட்டு எடை பார்த்தேன். நாற்பத்தெட்டு கிலோ. கணினிக்கு அதைத்தான் கொடுத்தேன்.

மறுவாரம் வந்தவரிடம், டாக்டரை முந்திக்கொண்டு, "முட்டி நல்லாத்தான் இருக்கு. வலி உங்க மனசுலதாம்மா" என்றேன்.

"சும்மா நடந்தா வலிக்கல நைனா. கூடய தூக்கிகினு நடந்தாதான் உயிரு போவுது. நீதான் அத்த வெளிய வெக்க சொல்லிட்டியே!"

எனக்கு முகம் எரிந்தது. வாசலில் இருந்த கூடையை உள்ளே கொண்டுவரச் சொல்லி நிறுத்துப் பார்த்தேன். மீனோடு முப்பது கிலோ. அதையும் சேர்த்ததும், அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு முட்டியின் உட்பக்கமெல்லாம் பரவியது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. எடை மிஷினை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாட ஒட்டிகினா திட்டுவியே" என்றார்.

இன்றும் யாரையாவது மிஷினில் ஏறச் சொன்னால், அந்த முந்தானை நினைவுக்கு வந்து தலை குனிந்துவிடுகிறது.