மலையேறிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கல்வராயன் மலைக்குப் போனது நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில். ஏப்ரலா மேயா என்று பிற்பாடு எனக்கே ஐயம் வந்தது. அக்கினி நட்சத்திரம் பிறந்திருந்தது, பெரியம்மா வெயிலில் வடகம் காயவைத்திருந்தாள், ஏழாம் வகுப்புப் புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே மே மாதம்தான்.

அப்பாவுக்கு மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. சனிக்கிழமை இரவு இறங்கி வருவார், திங்கள் முதல் பேருந்தில் ஏறிவிடுவார். என் படிப்பை முன்னிட்டு அம்மாவும் நானும் தியாகதுருகத்தில் பெரியப்பா குடும்பத்தோடு இருந்தோம். விடுமுறையில் அம்மா தன் பிறந்த வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கணவன் வேலை பார்க்கும் ஊரில் போய் இருப்பதுதான் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. முந்தைய கோடையில் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டபோது பெரியம்மா, "இன்னா கொழுந்தனாரே, ஞாயித்துக்கெழம பாக்கறது பத்தலியா?" என்று முற்றமே கேட்கச் சிரித்தாள். அதற்குப் பிறகு அப்பா கேட்கவில்லை. அம்மா எப்போதுமே கேட்டதில்லை.

அம்மா வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்தாள். கேள்வித்தாள், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட், கல்யாணப் பத்திரிகை. அந்த மே மாதம் டியூஷன் வாத்தியார் ஒருவரின் கணக்கு நோட்ஸைப் பள்ளி திறப்பதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரோ கொஞ்ச நேரம் ஓடும், உள்ளே விசிறி இரையும், பிறகு திரை கறுத்துவிடும். சேமிக்காத பக்கம் போனது போனதுதான். எங்கள் ஊர்க் கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் தெருவுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதனால் இரவிலும் அதே கதைதான்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலத் திரை ஒன்று வரும், அதன் மூலையில் பிராசசரின் சூடு தெரியும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த எண்ணைக் கத்திச் சொல்வது என் பொறுப்பு. "தொண்ணூறும்மா!" என்று நான் கத்தினால் பெரியம்மா சமையலறையிலிருந்து "ஐயோ" என்பாள். ஏதோ குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலிருக்கும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வாசலில் வைத்து புளோயரால் தூசியை ஊதினார். அவ்வளவும் வடகத்தின் மேல் போய் இறங்கியது. பெரியம்மா அவரை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்த அமளியில், அவர் தன் பையிலிருந்து ஊசி கழற்றிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் மருந்து. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்தேன். விசாரித்தால் எனக்கே போட்டுவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

"இன்னாப்பா கோளாறு?" என்று பெரியப்பா கேட்டார். மெக்கானிக் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"சூடு ஜாஸ்தியாம் மாமா. ஏசி ரூம்ல வெச்சா ஓடுமாம்."

மெக்கானிக் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க, சூடுதான்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

மதியம் ரசம் ஊற்றும்போது அம்மா, யாரிடமும் அல்லாதது போல, மலையில் இப்போதும் இரவில் போர்வை வேண்டியிருக்கிறதாம் என்றாள். பெரியப்பாவின் கை பாதியில் நின்றது.

"அப்ப எதுக்கு ஏசி? மலையே ஏசிதான? மேல வெச்சி வேலைய முடிச்சிக்கினு வரட்டும்."

"யாரு முடிக்கறது? கம்ப்யூட்டர் தானா டைப் அடிச்சிக்குமா?" என்றாள் பெரியம்மா.

"இவதான் போவணும். வேற யாருக்குத் தெரியும்?"

"வடகம் பாதில கெடக்கே மாமா" என்றாள் அம்மா.

"வடகம் எங்க ஓடிடப் போவுது? நீ கெளம்பு."

பெரியப்பாவே கள்ளக்குறிச்சி வரை வந்து மலைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். பழைய புடவையில் சுற்றிய பெட்டி அம்மாவின் மடியில், திரை என் மடியில். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்றார். கீழே நின்ற பெரியப்பா பதில் சொன்னார்: "அதுக்கு ஒடம்பு சரியில்லப்பா. காத்து மாத்தத்துக்கு அனுப்பறோம்."

மலையில் கம்ப்யூட்டர் ஓடியது. காலையில் எழுபது சொச்சம். நடுப்பகலில் சில நாள் அணைந்துவிடும். அப்போது அம்மா சலித்துக்கொள்ளாமல் எழுந்துபோய் முகம் கழுவிப் பூ வைத்துக்கொள்வாள். மாலையில் அப்பா வந்ததும் இருவரும் ஒரே நாற்காலியின் கைப்பிடியிலும் இருக்கையிலுமாக உட்கார்ந்து நோட்ஸைச் சரிபார்ப்பார்கள். கணக்கில் சிரிக்க அவ்வளவு இருக்கிறது என்பது எனக்குப் புதிதாயிருந்தது. சிரிக்கும்போது அம்மாவின் மேல்வரிசையில் ஒரு பல் சற்று விலகியிருப்பதையும் அந்த மாதம்தான் பார்த்தேன்.

நோட்ஸ் முடிந்தது. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அம்மா அந்த சிரிஞ்சை எடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா என்னைத் தேடவில்லை. பெட்டியைத் திறந்து, விசிறியை அதன் நான்கு கால்களோடு தூக்கி எடுத்தாள். அடியில் பிராசசரின் மேல் காய்ந்த சுண்ணாம்பு போல ஏதோ பொருக்கு. அப்பாவின் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதைத் துடைத்தாள். சிரிஞ்சிலிருந்து பட்டாணி அளவு பசையை அதன்மேல் வைத்து விசிறியை அழுத்திப் பொருத்தினாள். நான் வெளியே வந்து டெலீட் பொத்தானைத் தட்டினேன்.

"நாப்பத்தஞ்சும்மா!"

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார். "இத எப்ப வாங்கன?"

"தூசி ஊத வந்தவரு குடுத்தாரு."

"அப்பவேவா?"

"டார்ச்ச நேரா புடிங்க" என்றாள் அம்மா.

வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. அப்பாவுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன்.

ஊரில் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. "பாத்தியா, மலக்காத்து!" என்று பெரியப்பா தெருவில் எல்லோரிடமும் சொன்னார். உண்மை தெரிய வேண்டுமே என்று, "காத்து இல்ல பெரியப்பா. அம்மா ஊசி போட்டாங்க, சாம்பல் கலர் மருந்து, மெக்கானிக் குடுத்தாரே அது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் அவசரமாகப் போய்க்கொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்க பெரியம்மாகிட்ட சொல்லாத. ஊசின்னா அவளுக்கும் பயம்" என்றார்.

அடுத்த ஆண்டும் அக்கினி நட்சத்திரம் பிறந்தது. பெரியப்பா தாமாகவே வந்து கேட்டார். "இன்னாம்மா, இந்த வருஷமும் சூடாவுதா?"

அம்மா என்னைப் பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டுக் கத்தினேன். "நாப்பத்தெட்டு!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஜாஸ்திதாங்க மாமா."

"ஜாஸ்திதான். ஏத்திட வேண்டியதுதான்" என்று பெரியப்பா கயிறு எடுக்கப் போனார். "நாப்பத்தெட்டா! ஐயோ!" என்றாள் பெரியம்மா சமையலறையிலிருந்து.

தொண்ணூறைவிட நாற்பத்தெட்டு சிறியது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.