வடக்கே தலை வராத கட்டில்

செய்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கையால் லாரிக்குத் தொட்டி கட்டினேன். டவுன் பஸ்ஸுக்கு பாடி கட்டினேன். கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிக்கு ஐஸ் பெட்டி கட்டினேன். நாடகக் கம்பெனிக்கு சீன் துணி மடங்காமல் போகிற வேன் கட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே, படுக்க, சமைக்க, துணி மாற்ற வசதியோடு ஓடுகிற வீடு கட்டினேன். இப்போது கேரவன் என்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் ஷெட்டில் அதற்கு வூட்டு வண்டி என்று பேர். கரண்ட் பாதி நாள் இருக்காது. வெல்டிங் மிஷின் வாடகை. நல்ல பிளைவுட் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அப்படியும் கட்டினேன்.

1. கேட்டைத் திறந்து வைத்த முதலாளி

தொழில் கற்றது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய பாடி பில்டிங் ஒர்க்‌ஷாப்பில். ரிவெட் அடிக்கவும் ஆங்கிள் வளைக்கவும் சொல்லிக்கொடுத்தவர் அந்த முதலாளிதான். அதற்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தனியாக ஷெட் போடப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"போ கோதண்டம், போ. தீபாவளிக்குள்ள திரும்பி வந்து கேட்டாண்ட நிப்ப. உள்ள வுடச் சொல்லி வாட்ச்மேனாண்ட இப்பவே சொல்லி வெக்கிறேன்."

அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஓலை ஷெட் போட்டேன். என்னோடு இரண்டே பேர். தச்சு வேலைக்கு முனுசாமி, தகர வேலைக்கு டிங்கர் கபூர் பாய். சில்லறை ரிப்பேர் வந்தது. முழு வண்டி ஒன்றும் வரவில்லை. முழு வண்டி கட்டாத ஷெட்டை யாரும் பாடி பில்டர் என்று சொல்ல மாட்டார்கள், ஒட்டுக்கடை என்பார்கள்.

2. புத்தகத்துப் படம்

அப்போதுதான் ரைஸ் மில் தணிகாசலம் வந்தார். குடும்பத்தோடு காசி வரைக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும். எங்கேயோ கிடைத்த வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு படத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் வேனுக்குள் கட்டில், தலைமாட்டில் சாய்வு, அலமாரி, அடுப்பு எல்லாம் இருந்தது.

"இதே மாதிரி வேணும். ஆனா ஒண்ணு. என் சம்சாரம் ஏறி, படுத்துப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் வண்டி. இல்லாங்காட்டி மெட்ராஸுக்கு இழுத்துகினு பூடுவேன்."

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் மேனேஜருக்கும் இப்படி மூன்று வண்டி தேவைப்பட்டது, வெள்ளைக்காரர்களைக் கோயில் கோயிலாக அழைத்துப் போக. அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: மில்காரர் வண்டி தேறட்டும், பிறகு பேசலாம். ஆக, என் ஷெட்டின் தலையெழுத்து ஒரு அம்மாள் கட்டிலில் படுப்பதில் இருந்தது. அவர் சரி என்றால் நான் முதலாளி. இல்லை என்றால் பழைய கேட்.

கட்டிலின் தலைமாட்டை நானே இழைத்தேன். தேக்கில் தாமரை, இரண்டு பக்கமும் கடைசல் பிடித்த தூண். படத்தில் இருந்ததைவிட அழகு. பார்த்தவர்கள் கல்யாணக் கட்டில் தோற்றது என்றார்கள். பொய்யில்லை.

3. சரோஜா அம்மாள்

தணிகாசலத்தின் மனைவி சரோஜா அம்மாள், வேலை நடக்கும்போதே ஷெட்டுக்கு வந்து போவார். வாங்குபவர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நான் படித்த பள்ளிக்கூடம் அவர்தான். ஆண்கள் வெளியே நின்று பெயிண்டைத் தட்டிப் பார்ப்பார்கள். அவர் நேராக உள்ளே போய் அலமாரியைத் திறப்பார்.

"இன்னாய்யா படி இவ்ளோ உயரம்? பொடவ கட்டிகினு ஏறணுமா, மரம் ஏறணுமா?"

படியை இறக்கினேன்.

"குலுங்குனா கதவு தொறந்துக்கும். தொவரம்பருப்பு பூரா தரையில கெடக்கும். அப்பால நீயா வந்து பொறுக்குவ?"

ஒவ்வொரு கதவுக்கும் கொண்டி வைத்தேன். கடல் காற்றில் இரும்புத் திருகாணி துருப்பிடித்து மைக்காவில் கறை இறங்கும் என்றார். எல்லாவற்றையும் பித்தளையாக மாற்றினேன். முனுசாமி முணுமுணுத்தான்.

"அண்ணாத்த, இந்தம்மா வண்டி வாங்குதா, பொண்ணு பாக்குதா?"

"வாய மூடிகினு முடுக்குடா" என்றேன். குறை சொல்லும் வாடிக்கையாளர், சம்பளம் வாங்காத மேஸ்திரி. அன்றைக்கே எனக்கு அது தெரியும்.

4. சவுக்குத் தோப்பில் ஒரு மதியத் தூக்கம்

டிரையலுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். ஓட்டல் மேனேஜரும் வந்து நின்றார். கடலோரம் சவுக்குத் தோப்பில், வாசல் கடலைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தச் சொன்னேன். எங்கள் வண்டிக்கு வாசல் இடது பக்கம். காற்று அப்படியே உள்ளே வந்தது. சரோஜா அம்மாள் உள்ளேயே சமைத்தார். அடுப்பில் பாத்திரம் நகரவில்லை, புகை தேங்கவில்லை. சாப்பிட்டு முடித்தோம். "செத்த படுக்கறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்தவர், உடனே எழுந்துவிட்டார்.

"ஏங்க, தல வடக்கால வருது."

எல்லோரும் சூரியனைப் பார்த்தோம். வந்தது. வாசல் கிழக்கே கடலைப் பார்த்தால் வண்டியின் மூக்கு தெற்கு. கட்டிலின் தலைமாடு வண்டியின் பின்பக்கம், அதாவது வடக்கு.

"ஒரு அரை மணி நேரந்தானே, படு" என்றார் தணிகாசலம்.

"எமனே வடக்கால தல வெக்க மாட்டான். காசிக்குப் போறதுக்கு முன்னாடியே என்னை அனுப்பி வெக்கிறீங்களா?"

வண்டியைத் திருப்பினோம். தலை தெற்கே வந்தது. ஆனால் வாசல் மேற்கே போய்விட்டது. வெயில் நேராக முகத்தில் அடித்தது, காற்று நின்றது. என் பனியன் நனைந்துவிட்டது. மறுபடி திருப்பி, தலையணையைக் கால்மாட்டில் போட்டுப் படுத்துப் பார்த்தார். சாய்வு தலைகீழாகி, ரத்தம் தலைக்கு ஏறுகிறது என்று எழுந்தார். அந்தப் பக்கம் ஜன்னலும் இல்லை, டிரைவர் சீட்டை மறைத்த பலகைதான்.

"காத்து வேணும்னா எமன். எமன் வேணாம்னா வெயிலு. நல்லா கீதுய்யா உன் வண்டி" என்று தணிகாசலம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். போவதற்கு அடையாளம் அது. மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார்.

தப்பு என்னுடையது இல்லை, படத்தினுடையது. அதை வரைந்தவனுக்கு எந்தத் திசையில் தலை வைத்தாலும் தூக்கம் வரும். ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு நின்றால் வண்டி மெட்ராஸ் போய்விடும்.

"முனுசாமி, ரம்பத்த எடு."

"இன்னாத்துக்கு அண்ணாத்த?"

"தலைமாட்ட அறுக்க."

முனுசாமி என் முகத்தைப் பார்த்தான். ரம்பத்தை நீட்டவில்லை. நானே பையிலிருந்து எடுத்தேன். தாமரையும் தூணும் மெத்தை மட்டத்துக்கு அறுபட்டு மணலில் விழுந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலைமாட்டுத் தூண்கள் பிடித்திருந்த சாய்வுப் பலகை இப்போது விட்டுக்கொடுத்தது, கபூர் பாய் அதைக் கழற்றினார். முனுசாமி டிரைவர் பக்கப் பலகையை நடுவில் வெட்டி எடுத்தான். வெட்டிய வழியே முன்சீட்டு ஜன்னல் காற்று கட்டிலுக்கு வந்தது. இப்போது கட்டிலுக்குத் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை. எந்த ஊரில் எப்படி நிறுத்தினாலும் தலையணையை மாற்றிப் போட்டால் போதும்.

"இப்ப படுங்கம்மா. தெக்கால தல, கெழக்கால காத்து."

அவர் தலையணையைப் போட்டுத் திசையை ஒருமுறை சரிபார்த்துப் படுத்தார். நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டை வந்தது.

தணிகாசலம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ வூட்லயே பகல்ல இப்டி தூங்குனதில்ல. வண்டி என்னுது."

மேனேஜர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மூணுக்கும் இதே கட்டில் போடுங்க. தலைமாடு வேணாம்."

5. இளையவர்களுக்கு

அந்த மூன்று வண்டிக்குப் பிறகு வேலை தேடி நான் போகவில்லை, வேலை என்னைத் தேடி வந்தது. அந்தக் கடவுளுக்கும், பழைய முதலாளியின் சிரிப்புக்கும், ரம்பம் பிடித்த நேரத்தில் கூட நின்ற இரண்டு பேருக்கும் நன்றி. சரோஜா அம்மாளுக்கு எல்லோரையும்விட அதிக நன்றி. பாடி கட்டுகிற பையன்களுக்கு ஒன்று சொல்வேன். வாடிக்கையாளர் வண்டியைச் சுற்றி வந்து பாராட்டினால் நம்பாதீர்கள். உள்ளே படுக்கச் சொல்லுங்கள். தூங்கினால்தான் வேலை முடிந்தது. தூங்கவில்லை என்றால், உங்கள் கை இழைத்ததாக இருந்தாலும் அறுத்துவிடுங்கள்.

போன மாதம் ஈ.சி.ஆரில் ஒரு ஷெட்டுக்குப் போனேன். புது கேரவன் நின்றது. உள்ளே கட்டில், இரண்டு பக்கமும் தலை வைக்கிற மாதிரி. யாருடைய யோசனை என்று கேட்டேன். "இது ஃபாரின் டிசைன், பெரியவரே" என்றான் அந்த என்ஜினியர் பையன். நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்தான்.

ஃபாரின் டிசைனை அறுத்துத்தான் அதைச் செய்தோம். திசை பார்த்துச் சொன்னது சரோஜா அம்மாள், அவர் பங்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பலகை பிடித்தது முனுசாமியும் கபூர் பாயும், அதையும் எழுதுங்கள். ஆனால் ரம்பம் வைத்தது நான். இந்தக் கடற்கரையில் கட்டின வண்டிகளைப் பற்றி யார் எங்கே அச்சடித்தாலும், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் 'பாடி பில்டர் கோதண்டம், செங்கல்பட்டு' என்று போடவேண்டும். சின்ன எழுத்தில் வேண்டாம்.