கைகாவல் கல்லூரிக்கு நான் போட்ட கணக்கு

பினாங்குத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை எண்ணி எழுதும் குமாஸ்தாவாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். எண்ணாமல் எதையும் நம்புவதில்லை. எண்ணிய பிறகும் இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பேன். எண்பதுகளில் என் மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்தபோது, அவளுக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதையும் அப்படித்தான் தீர்மானிக்கப் பார்த்தேன்.

அவளுக்குப் பல்கலைக்கழக ஆசை. அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அங்கே பத்தில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று கணித்தேன். கைகாவலாக ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் ஒரு மனு போடச் சொன்னேன். அது நிச்சயம் கிடைக்கும் என்றேன். இரண்டும் போனால் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்தான். அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் அவள் ஆறாம் படிவமே படித்தாள்.

நிச்சயம் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பொங்கல் யார் உபயம், எதற்காக என்று எங்கள் கோயிலில் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். பிள்ளைக்கு மேலே படிக்க இடம் கிடைத்தால் பெற்றோர் உபயம் செய்வது வழக்கம். ஐந்து வருடமாக அதைக் குறித்து வைத்திருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு மூன்று உபயம். ஆசிரியர் கல்லூரிக்குப் பதினான்கு. அந்தப் பதினான்கு தகப்பன்மாரையும் தேடிப் போய் மதிப்பெண் விசாரித்தேன். மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். பதினொரு பிள்ளைகள் என் மகளைவிடக் குறைவாக வாங்கியவர்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மருத்துவமனைத் தாதிப் பயிற்சிக்கும் எழுதிப் போடட்டுமா என்று மகள் கேட்டாள். வீண் வேலை என்றேன். கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்கு யாரிடமாவது பேசிப் பழக வேண்டும் என்றாள்.

“ஒனக்குத் தொண்ணூத்தஞ்சு பெர்சன்ட் இருக்கு லா. சும்மா போய் உக்காந்துட்டு வா.”

மீதி ஐந்தை மழைக்கும் பஸ் தாமதத்துக்கும் ஒதுக்கியிருந்தேன். அன்று மழையும் இல்லை, பஸ்ஸும் நேரத்துக்கு வந்தது. அவள் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே வாரத்தில் இடமில்லை என்று வருத்தக் கடிதம் வந்தது.

என் கணக்கில் பிழை இருக்க முடியாது என்பதால் கல்லூரியின் பிழையைத் தேடத் தொடங்கினேன். சுங்கை பினாங்கில் இருந்த சக குமாஸ்தாவின் வீட்டுக்குப் போய் முறையிட்டேன். என் பதினான்கில் அவருடைய கடைசி மகனும் ஒருவன். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே, மூத்தவனுக்கும் நடுவுள்ளவளுக்கும் அதே கல்லூரியில் கிடைக்கவில்லை என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கெடைக்கலன்னு யாராச்சும் பொங்கல் போடுவாங்களா அண்ணே?”

அந்த வெள்ளிக்கிழமை பலகையைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்து விசாரித்தேன். ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்தி, தங்கள் பிள்ளைக்கும் அந்தக் கல்லூரி கிடைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். நாற்பத்திரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். இத்தனை தோல்விகளும் ஐந்து வருடமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டிருக்கின்றன. நான்தான் பொங்கல் போட்ட கரண்டிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகள் தொழிற்சாலை பஸ் ஏறினாள். ஒரு வருடம் நுண்ணோக்கியில் குனிந்து மயிரிழைக் கம்பிகளைச் சரிபார்த்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனை வார்த்தை என்றாவது எண்ணியிருப்பேன்.

மறு வருடம் தாதிப் பயிற்சி உட்பட மூன்று மனுக்களைத் தானே நிரப்பினாள். தொழிற்சாலைத் தோழியை அதிகாரியாக உட்கார வைத்து, நேர்முகத்துக்குப் பேசிப் பழகினாள். என்னிடம் தகப்பன் கையெழுத்துக்கு மட்டும் வந்தாள். நான் தாளைப் புரட்டியதும் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

“பெர்சன்ட் மட்டும் சொல்லாதீங்கப்பா.”

சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஆசிரியர் கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. கிடைத்த பதினான்கோடு கிடைக்காத நாற்பத்திரண்டையும் சேர்த்து மனத்துக்குள் நான் போட்டிருந்தது நூற்றுக்கு இருபத்தைந்து. கவலையில் அதை இருபதாகக் குறைத்தும் வைத்திருந்தேன்.