சிங்கம் திரும்பி வராத ஆடு

புளோரிடோர் பர்ரியா முப்பது வருடமாகச் சிங்கம் பிடித்தே வயிறு வளர்த்தவர். பூமா என்னும் பெரிய காட்டுப்பூனையைப் பாட்டகோனியாவில் எல்லோரும் சிங்கம் என்றுதான் சொல்வார்கள். செத்த ஆட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், கொன்றது கிழடா குட்டிக்காரியா என்று சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பண்ணைக்காரி எல்சீராவிடம் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டே பாடம் நடத்துவார்.

"சிங்கம் குரல்வளையத்தாம்மா கடிக்கும். இரைப்பைய இழுத்து ஓரமாப் போட்டுட்டு ஈரலத் தின்னும். மிச்சத்தப் புல்லு போட்டு மூடி வச்சிட்டு, மறுநாளும் வந்து தின்னும். மலையில மேயுற குவானாக்கோ கெடச்சா உங்க ஆட்டத் திரும்பிக்கூடப் பாக்காது."

"என்னவிட ஒழுங்கா குடித்தனம் நடத்துது" என்பார் எல்சீரா.

குட்டி போடும் பருவத்தில் ஒரு காலை, ஓடைக்கரையில் இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்ததைப் புளோரிடோர்தான் முதலில் பார்த்தார். பின்தொடை கிழிந்து, கம்பளி சிதறியிருந்தது. கழுத்தில் பல் படவில்லை. சேற்றில் நகம் பதிந்த நாயின் தடம். இடது முன்காலில் ஒரு விரல் இல்லை.

அது அவருடைய வேட்டை நாய் சோல்கா. அவர்மேல் பாய்ந்த சிங்கத்துக்குக் குறுக்கே விழுந்து அந்த விரலை இழந்தது. ஆட்டைக் கடித்த நாயை அன்றைக்கே அதன் சொந்தக்காரன் சுட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவரிடம் அவரே கறாராக நின்று அதைச் செய்ய வைத்திருக்கிறார்.

கத்தியை எடுத்தார். குரல்வளையில் நான்கு துளை குத்தினார். கிழிந்த சதையை அறுத்தெறிந்து, இரைப்பையை இழுத்து ஓரமாகப் போட்டு, ஈரலை ஓடையில் வீசினார். புல்லைப் பிடுங்கி மூடித் தடத்தை அழித்தார். வேலை அச்சு அசலாக வந்திருந்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சிங்கந்தானா?" என்று கேட்டார் எல்சீரா.

"சிங்கந்தாம்மா."

"அப்ப அதோட தோலக் கொண்டாங்க."

மூன்று நாள் துப்பாக்கியோடு மலையில் சும்மா சுற்றினார். நான்காம் நாள் எல்சீராவே குதிரையில் அவர் குடிசைக்கு வந்தார்.

"தினமும் போய்ப் பாத்தேன், புளோரிடோர். நரி ஒரு ஓரமா நோண்டியிருக்கு. மத்தபடி நீங்க சொல்லிக்குடுத்த சிங்கம் திரும்பி வரவே இல்ல."

குவானாக்கோ கிடைத்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவர் பார்வை கட்டிக் கிடந்த சோல்காவிடம் போனது.

"நாய ஏன் கட்டிப் போட்டிருக்கீங்க?"

"கட்டிப் போட்டா அந்த ருசிய மறந்துடும்னு நெனச்சேம்மா."

எல்சீரா கடிவாளத்தை இழுத்துக் குதிரையைத் திருப்பினார். "நம்ம ஆள யாரையாவது அனுப்பட்டுமா?"

"வேணாம்மா. வேற யார் கூப்பிட்டாலும் அது போவாது."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். வேட்டைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துச் சோல்கா வாலை ஆட்டியபடி முன்னால் ஓடியது. அவர் பின்தங்கியதைப் பார்த்து, மேட்டில் நின்று அவருக்காகக் காத்திருந்தது.