நான் கொடுத்த பணிஸ்

டென்மார்க்கின் இக்காஸ்ட்டில் தையல் ஆலையொன்றில் வேலை செய்த காலத்தில், என்னோடு ஒரே வீட்டில் இருந்தவரின் விரலை நான் முறித்தேன். அவர் என் முன்பற்கள் இரண்டை உடைத்தார். காரணம் ஒரு பணிஸ், கையளவு பன்.

அவர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணை என்பேன். நான் மன்னார்க் கத்தோலிக்கன், தனிக்கட்டை. அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. எங்கள் ஆட்களின் கோப்புகளை அமைச்சரே வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. குடும்பம் வந்து இறங்கும்வரை மச்சம், மீன் இறைச்சி எதுவும் தொடுவதில்லை என்று அவர் முருகனுக்கு நேர்ந்திருந்தார். நான் மீன் பொரித்தால் கொட்டும் பனியிலும் ஜன்னலைத் திறந்து விடுவார். எனக்கு எரிச்சல்.

ஆலையில் எங்களோடு ஒரு அமெரிக்கப் பெண் தைத்தாள். டெனிஷ்காரரைக் கட்டி வந்தவள். அவளுடைய முன்னோர் செக் நாட்டிலிருந்து டெக்சஸுக்குக் குடிபோனவர்கள். ஒருநாள் இரண்டு தட்டு நிறையப் பணிஸ் சுட்டுக் கொண்டுவந்தாள். ஒன்றில் பிளம்ஸ் பழக்களி. மற்றதில் மாவுக்குள் முழுதாக மூடிய சொசேஜ். பழம் வைப்பதுதான் பழைய வழக்கம், சொசேஜ் வைத்தது டெக்சஸ் போன தன் சனம் கண்டுபிடித்தது, பெயர் க்ளோபாஸ்னிக் என்றாள். சொசேஜ் வைத்ததில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

"அண்ணை, பிளம்ஸ் பணிஸ்."

அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிக்க நினைத்தேன். அவ்வளவுதான்.

இரண்டாவது கடியில் மெல்லுவதை நிறுத்தி, உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"பண்டியிறைச்சி அண்ணை" என்று சிரித்தேன்.

என் தலைமயிரைப் பிடித்து, கழுவுதொட்டி விளிம்பில் வாயை மோதினார். மறுபடியும் மோதினார். ஒரு பல் தொண்டைக்குள் போனது. கைக்கு அகப்பட்ட, மீன் பொரிக்கும் இரும்புத் தாச்சியை நான் முழு வேகத்தில் வீசினேன். தலையைக் காக்க அவர் தூக்கிய கையில் அது விழுந்தது. விரல் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அப்படியும் அவர் விடவில்லை. என்னைத் தரையில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தை நெரித்தார். கீழ்வீட்டு டெனிஷ்காரர் ஓடிவந்துதான் இழுத்தெடுத்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் படியில் விழுந்ததாகச் சொன்னோம்.

சில வாரங்கள் கழித்து ஊரிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் ஷெல் குண்டு விழுந்து அவருடைய சின்ன மகன் செத்துப்போனான். ஆறு வயது.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு இடுப்புப் பட்டியைக் கழற்றினார்.

"நீதான்ரா! என்ர நேர்த்தியைக் கெடுத்து என்ர பிள்ளையைச் சாகடிச்சனி!"

பட்டியின் இரும்பு என் புருவத்தைக் கிழித்தது. முதுகில், கழுத்தில், முகத்தில் அடித்தார். நான் கை தூக்கவில்லை. அடித்துக் களைத்தவர் தன் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினார். அதைப் பார்க்க முடியாமல் பிடிக்கப் போனேன். என்னை உதைத்துத் தள்ளினார். அடுத்த நாளே நான் ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போய்விட்டேன்.

சில வருடங்களில் கோப்புகளை நிறுத்தி வைத்த விஷயம் வெளியே வந்து, கோப்புகள் அசைந்தன. அவருடைய மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஒரு சனிக்கிழமை அந்த அக்கா மகளோடு ரயிலேறி என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே கேட்டார்.

"தெரிஞ்சுதானே குடுத்தனீர்?"

"ஓம் அக்கா."

கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கண் இருட்டியது.

"இது அவரை ஏமாத்தினதுக்கு. பிள்ளை செத்தது ஷெல்லாலை. நான்தானே தூக்கிக்கொண்டு ஓடினனான், எனக்குத் தெரியாதே? அந்தப் பழி உமக்கு வேண்டாம். அவரிட்டையும் சொல்லிப்போட்டன்."

அக்கா உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். மகள் என் புருவத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணை பிறகு ஒருபோதும் என்னோடு கதைக்கவில்லை. ஹேர்னிங்கில் ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும், பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனார். நான் பின்னால் போகவில்லை.